லுப்பர்ட் பார்வையிட்ட வீடு

என் தம்பி லுப்பர்ட் டுன்னிங்க் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

நான் அவனுக்கு நாலு வயது மூத்தவள், பெயர் ஃபெம்மி. மெப்பல் ஊரின் வியாழக்கிழமைச் சந்தையில் முப்பத்தொரு வருடமாகச் சீஸ் விற்கிறேன். எதிரே வந்து நிற்கிற ஆள் எதை ருசி பார்த்துவிட்டு எதை வாங்காமல் போவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கூடப் பிறந்த தம்பியை மட்டும் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய அறுபது வருடம் பிடித்தது.

அவனுக்கு நீர் வாரியத்தில் உத்தியோகம், வாய்க்கால் பார்வையாளர். எங்கள் ஊர்ப்பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இலையுதிர்காலம் முடிவதற்குள் தங்கள் பங்கு வாய்க்காலைச் சுத்தம் செய்தாக வேண்டும். நவம்பர் பிறந்ததும் லுப்பர்ட் போய்ப் பார்ப்பான். போவதற்கு ஒரு வாரம் முன்னால் 'இன்ன தேதியில் தங்கள் வாய்க்கால் பார்வையிடப்படும்' என்று கடிதம் போகும். அன்றைக்கு ரப்பர் பூட்ஸ், அளவுகோல், பச்சை அட்டை நோட்டு சகிதம் கரையோரமாக நடப்பான். கண்ணில் படாததை எழுதமாட்டான், பட்டதை விடவும் மாட்டான். ஒரு வருடம் என் வீட்டுப் பின்பக்க வாய்க்காலில் கோரை நிற்கிறது என்று எழுதிவிட்டான். 'மதிப்பிற்குரிய திருமதி' என்று ஆரம்பித்து எனக்கு வாரியத்திலிருந்து ஓலை வந்தது. அன்று சாயங்காலம் என் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

"ஏண்டா, என் கையால வாங்கித் தின்னுட்டு எனக்கே நோட்டீஸா? வாயால சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"வேலை விஷயத்தை வீட்ல பேசக் கூடாதுக்கா," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டான்.

இப்படிப்பட்டவனோடு யாண்டினா இருபத்தேழு வருடம் குடித்தனம் செய்தாள். குழந்தை இல்லை. அவள் வாரத்தில் மூன்று காலை நேரம் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தாள், மற்ற நேரம் முழுக்க அவனுடைய வீட்டைப் பார்த்தாள். அவனோ திங்கள் இரவானால் ஊர் பேண்டில் பெரிய குழல் ஊதப் போவான். செவ்வாய் பனிச்சறுக்குச் சங்கக் கூட்டம். ஊர்க் குளம் உறைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது, ஆனாலும் கூட்டம் தவறாமல் நடந்தது. புதன் வாரியத்து ஊழியர் சங்கம், வியாழன் பேண்டின் கணக்குக் கமிட்டி. வெள்ளிக்கிழமை அலுப்பு.

ஒருநாள் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே யாண்டினா சொன்னாள்: "லுப்பர்ட், நான் போறேன்."

"எத்தனை மணிக்கு வருவே?"

"வரமாட்டேன்."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ மத்தியானச் சாப்பாடு?" என்று கேட்டானாம். இதை எனக்குச் சொன்னது யாண்டினா இல்லை, அவனேதான். கேட்டதில் என்ன தப்பு என்று என்னிடம் நியாயம் வேறு கேட்டான்.

விவாகரத்து தகராறில்லாமல் முடிந்தது. தகராறு முழுக்கப் பராமரிப்புத் தொகையில். இந்த ஊர் நீதிபதி இரண்டே கேள்வி கேட்பார்: அவளுக்கு எவ்வளவு வேண்டும், அவனால் எவ்வளவு முடியும். இரண்டில் எது குறைவோ அதுதான் தொகை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். அவளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கல்யாண காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதிலிருந்து கணக்குப் போட வேண்டும் என்கிறபோதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும். அதுவரை ஊருக்கெல்லாம் வசதி காட்டியவன் நீதிமன்ற வாசலில் பரம ஏழையாகிவிடுவான்.

லுப்பர்டுக்கு ஏழையாவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. யாண்டினாவின் வக்கீல் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். அவர் அவளுடைய தேவைகளை ஒவ்வொன்றாக வாசிக்க, இவன் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான்.

"முடி வெட்ட ஆறு வாரத்துக்கு ஒருதடவை..." என்றார் வக்கீலம்மா.

"பக்கத்து வீட்டுக்காரம்மா வெட்டிவிடுவாங்க. காசு கிடையாது."

"கோடை விடுமுறைப் பயணம்."

"போனோம். கூடாரம் சொந்தம். உருளைக்கிழங்கு வீட்லேர்ந்தே எடுத்துட்டுப் போயிடுவோம்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "உருளைக்கிழங்கையுமா?"

"மூணு வாரத்துக்கும் சேர்த்து, ரெண்டு மூட்டை. பிரான்சுல என்ன விலை விக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதும்மா," என்றான் பெருமையாக.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு சம்பளம் வாங்கி, இவ்வளவு சிக்கனமா இருந்து, மிச்சமெல்லாம் எங்கே போச்சு டுன்னிங்க் சார்?"

மிச்சம் வங்கியில் இருந்தது. அதில் பாதி ஏற்கெனவே யாண்டினாவுக்குப் போயிருந்தது. மூட்டை உருளைக்கிழங்கு சுமந்து பட்டினி வேஷம் போட்டது வீண். நீதிபதி இருவருடைய வருமானத்தையும் கூட்டி, அதில் நூற்றுக்கு அறுபது எடுத்து, யாண்டினாவின் நூலகச் சம்பளத்தைக் கழித்து, சேமிப்புப் பழக்கத்துக்காகக் கொஞ்சம் குறைத்து, மாதம் எண்ணூற்று நாற்பது யூரோ என்று தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு, ஜனவரிதோறும் விலைவாசியை ஒட்டி உயரும். அவள் மறுமணம் செய்துகொண்டாலோ, இன்னொருவரோடு மணமானவர்களைப்போல் சேர்ந்து வாழ்ந்தாலோ அந்த நாளிலிருந்து நின்றுவிடும். நின்றது நின்றதுதான், அந்த உறவு முறிந்தாலும் பணம் திரும்ப வராது.

கடைசி வாக்கியத்தின் கீழ் லுப்பர்ட் அளவுகோல் வைத்துக் கோடு போட்டான்.

மூன்று வருடம் ஒழுங்காகப் பணம் கட்டினான். அதற்குள் யாண்டினாவுக்கு ரூலோஃப் பழக்கமானார். ஓய்வு பெற்ற ரொட்டிக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், எழுபது வயது, இரண்டு தெரு தள்ளி வீடு. நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வந்தவர், கொடுக்கவும் வந்தார், அப்புறம் புத்தகம் இல்லாமலும் வந்தார். நல்ல மனிதர். என்னிடம் சீஸ் வாங்கும்போது ருசி பார்க்கக் கேட்டதே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? பேண்டில் முரசு அடிக்கிறவன் ஒருநாள் எல்லார் முன்னாலும், "என்ன லுப்பர்ட், ஒரு சம்பளத்துல ரெண்டு பேரைக் காப்பாத்தறியாமே! தர்மப் பிரபுடா நீ," என்றான். அன்றைக்கு லுப்பர்டுக்குக் குழலில் காற்றே போகவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"நான் சம்பாதிச்சதுல அந்த ஆளு முட்டைக்கோஸ் திங்கறான்க்கா."

"அவருக்குப் பென்ஷன் இருக்குடா."

"அது வேற. மணமானவங்க மாதிரி வாழறாங்க. நிரூபிச்சா நின்னுடும். வக்கீல் சொல்லிட்டார்."

வக்கீல் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: சந்தேகம் போதாது, ஆதாரம் வேண்டும். இருவரும் ஒரே வீட்டில் தங்குகிறார்களா, ஒரே குடும்பமாகச் செலவு செய்கிறார்களா, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்கிறார்களா, எல்லாவற்றையும் காட்ட வேண்டும். இதற்கென்றே துப்பறியும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூலியைக் கேட்டதும் லுப்பர்ட் எழுந்துவிட்டானாம். "நானே பார்வையிடறேன். எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம்."

அதோடு விட்டிருந்தால் அவனும் மற்ற முன்னாள் கணவர்களைப்போல ஒரு முன்னாள் கணவன், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வியாழக்கிழமை யாண்டினா என் கடைக்கு முன்னால் வந்து நின்று ஒரு கடிதத்தை நீட்டினாள். தட்டச்சு செய்து, தேதி போட்டு, கையெழுத்திட்ட கடிதம்.

'மதிப்பிற்குரிய திருமதி. நவம்பர் ஒன்றாம் தேதி தொடங்கி ஜனவரி இறுதிவரை, மாலை ஐந்தரை முதல் எட்டே முக்கால்வரை தங்கள் இல்லம் வெளியிலிருந்து பார்வையிடப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன். இப்படிக்கு, லு. டுன்னிங்க்.'

வேவு பார்க்கப்போகிறவன் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்த கதையை நெதர்லாந்து முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். யாண்டினா சிரிக்கவில்லை.

"அக்கா, நூலகத்துல என்னை ரெண்டு நாளாக் குறைச்சிட்டாங்க. அந்தப் பணம் நின்னுட்டா வாடகை குடுக்க முடியாது. அம்பத்தஞ்சு வயசுல எனக்கு யார் வேலை தருவா?"

"ஆறு மணிக்குத் திரையை இழுத்து மூடிடு. தானாப் போயிடுவான்."

"திரையா!" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "தெருவுல போறவங்க என்ன நினைப்பாங்க? நான் என்ன தப்புப் பண்றேன் திரையை மூடறதுக்கு?"

எங்கள் தெருக்களில் வாசல் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போடுகிற வழக்கமே கிடையாது. விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் உங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்கலாம். மூடினால்தான் ஊர் பேசும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவள் தன் பிழைப்பையே கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு உட்காரத் தயாரானாள்.

சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில் லுப்பர்டின் கார் எதிர்ச்சாரியில் வந்து நின்றது. அந்த நவம்பரில் மழை விட்ட நாளே இல்லை. இரண்டாவது வாரம் என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க நானும் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். எதிரே வெளிச்சமான ஜன்னலில் அவர்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் மடியில் பச்சை நோட்டு.

"பேண்ட் என்னடா ஆச்சு? இன்னிக்குத் திங்கக்கிழமையாச்சே."

"லீவு சொல்லிட்டேன். பார்வையிடல் நடக்கும்போது நடுவுல நாள் விடக் கூடாது."

ஏழு மணி அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், யாண்டினா வீட்டுக் கதவு திறந்தது. ரூலோஃப் ஒரு கையில் குடையும் மறு கையில் கோப்பையுமாகத் தெருவைக் கடந்து வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். லுப்பர்ட் கண்ணாடியை நாலு விரல் இறக்கினான்.

"காபி," என்றார் ரூலோஃப். "பால் வேணாம், சக்கரை ஒண்ணு. யாண்டினா சொன்னா."

"நான் வேலையா இருக்கேன்."

"தெரியுமே, கடுதாசியப் படிச்சேன். சூடு ஆறிடும், புடிங்க. ஃபெம்மியம்மாவும் இருக்கீங்களா? இன்னொண்ணு கொண்டாரேன்."

எனக்கும் வந்தது, ஆளுக்கு ஒரு பிஸ்கட்டோடு. லுப்பர்ட் குடித்துவிட்டு, கோப்பையை டாஷ்போர்டில் வைத்துவிட்டு, நோட்டில் எழுதினான். எட்டிப் பார்த்தேன். '19.10. வீட்டிலிருந்து காபி வந்தது. பிஸ்கட் ஒன்று.' அதற்கு முந்தைய ஆறு நாட்களிலும் அதே நேரத்தில் அதே வரி இருந்தது.

"டேய், இதை எதுக்குடா எழுதறே? இது உனக்கு எதிரா இல்ல திரும்பும்!"

"நடந்துச்சுல்ல?" என்றான்.

எட்டு மணிச் செய்தி முடிந்ததும் ரூலோஃப் கோட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினார். எழுபது வயது மனிதர், எதிர்காற்றில், மழையில். உள்ளே நல்ல அடுப்பு இருந்தது, சோபா இருந்தது, போகாதே என்று சொல்ல ஆளும் இருந்தாள். ஆனால் அங்கே தூங்கிவிட்டால் அவளுக்கு மாதம் எண்ணூற்றுச் சொச்சம் போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல இரண்டு பேரும் வாசலில் நின்று கை காட்டிக்கொண்டார்கள். லுப்பர்ட் மணி பார்த்து எழுதினான்.

ஞாயிறு நீங்கலாக, மூன்று மாதத்தில் எழுபத்தொன்பது மாலைகள். பிப்ரவரியில் நோட்டைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்தான். படித்துப் பார்த்த வக்கீல், ரூலோஃப் தன் வீட்டுக்குப் போன வரிகளையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை மட்டும் தட்டச்சு செய்துவிடலாம் என்றார். இவன் எழுந்து நின்றுவிட்டான். "பார்த்ததை விட்டா அது பார்வையிடலே இல்லை. முழு நோட்டும் போகணும்."

முழு நோட்டும் போனது.

குடும்ப வழக்கு என்றால் மூடிய கதவுக்குள்தான் விசாரிப்பார்கள். துணைக்கு என்று அனுமதி வாங்கி நான் பின்னால் உட்கார்ந்தேன். யாண்டினா வெளிறிப்போயிருந்தாள், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். லுப்பர்டின் வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். ஒரே மேசையில் சாப்பாடு, ரூலோஃப் கொண்டுவந்த முட்டைக்கோஸ், யாண்டினா தைத்துக் கொடுத்த கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் சொல்லி, இது கல்யாணம் இல்லாமல் வேறு என்ன என்று முடித்தார்.

சிவப்புக் கண்ணாடி வக்கீலம்மா பச்சை நோட்டின் நகலைக் கையில் எடுத்தார்.

"எழுபத்தொம்பது சாயங்காலம். எழுபத்தொம்பதிலும் எட்டரை மணிக்கு ரூலோஃப் தன் வீட்டுக்குப் போயிருக்கார். எழுதினது மனுதாரர்தான், நான் இல்லை. சரி, கவனிப்பு பத்திப் பேசுவோம். இந்த நோட்டுல பொத்தான் ஒரு தடவை வருது, முட்டைக்கோஸ் நாலு தடவை வருது. காபி எத்தனை தடவை வருதுன்னு எண்ணினேன். அறுபத்தாறு. அறுபத்தாறு தடவை என் கட்சிக்காரர் வீட்டுக் காபி தெருவைக் கடந்து ஒருத்தருக்குப் போயிருக்கு, பால் இல்லாம, சக்கரை ஒண்ணு போட்டு. ஜனவரிலேர்ந்து பிஸ்கட் ரெண்டு. அந்த வீட்ல தவறாமக் கவனிக்கப்பட்ட ஆள் மனுதாரர் மட்டும்தான். மணமானவங்க மாதிரின்னா, என் கட்சிக்காரர் வாழ்ந்தது இவரோடதான்."

எழுத்தர் குனிந்துகொண்டார். நீதிபதி தண்ணீர் குடித்தார். லுப்பர்ட் மட்டும் தலையை ஆட்டினான். எண்ணிக்கை சரி என்று அர்த்தம்.

"இன்னொரு வரியும் வாசிக்கணும்," என்றார் வக்கீலம்மா. "டிசம்பர் அஞ்சு. '18.52. யாண்டினா சிரித்தாள். காரணம் தெரியவில்லை.' டிசம்பர் பத்து. '18.40. யாண்டினா சிரித்தாள். காரணம் தெரியவில்லை.' இப்படிப் பதினேழு இடம். வழக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாமா?"

லுப்பர்டின் வக்கீல் அவன் கையைப் பிடித்தார். அவன் விடுவித்துக்கொண்டு எழுந்தான்.

"சம்பந்தம் தெரியலை. நடந்துச்சு, எழுதினேன்."

நீதிபதிக்கு என் வயது இருக்கும். "டுன்னிங்க் சார், ஒரு கேள்வி. கல்யாணம் ஆகி இருந்த காலத்துல அஞ்சரை மணிலேர்ந்து எட்டே முக்கால் வரைக்கும் நீங்க வீட்ல இருப்பீங்களா?"

"சாப்பிட இருப்பேன்மா."

"எவ்வளவு நேரம்?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "இருபது நிமிஷம்," என்றான். பிறகு, "வெள்ளிக்கிழமை கூடுதலா இருப்பேன். தூங்கிடுவேன்," என்றான்.

யாண்டினா கைப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனு தள்ளுபடி. எண்ணூற்றுச் சொச்சம் தொடரும், இரண்டாயிரத்து இருபத்தொன்றுவரைக்கும். அவனை நான்தான் காரில் கூட்டிவந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "ஜனவரியில பிஸ்கட் ரெண்டாச்சுன்னு நான் கவனிக்கலக்கா. எழுதியிருக்கேன், ஆனா கவனிக்கல," என்றான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் ரூலோஃப் எட்டரை மணிக்கு வீட்டுக்குப் போகும்போது உறைபனியில் சைக்கிளோடு விழுந்தார். இடுப்பெலும்பு. விழுந்து இருபது நிமிடம் கழித்துத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். மார்ச்சில் யாண்டினா என் கடைக்கு வந்தாள், எதையும் வாங்காமல் ரொம்ப நேரம் நின்றாள்.

"அவரை என் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்க்கா. லுப்பர்டுக்கு எழுதிப் போட்டுட்டேன். இனிமே பணம் அனுப்ப வேண்டாம்னு."

"ஏழு வருஷம் பாக்கி இருக்குடி! வாடகைக்கு என்ன பண்ணுவே?"

"அவர் வீட்டை வித்துடப்போறார். எப்படியோ சமாளிப்போம். தெனமும் எட்டரைக்கு மணி பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

ஏழு வருடப் பணத்தை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சீஸைச் சாக்கு வைத்துக் குனிந்துகொண்டேன்.

லுப்பர்ட் குதித்துக் கொண்டாடியிருக்க வேண்டும் இல்லையா? வழக்குப் போட்டும் கிடைக்காதது தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒன்றாம் தேதி வழக்கம்போலப் பணத்தை அனுப்பினான். மூன்றாம் தேதி யாண்டினா அதைத் திருப்பி அனுப்பினாள். மறுமாதமும் அனுப்பினான், அதுவும் திரும்பி வந்தது. நான் சண்டைக்குப் போனேன்.

"என்னடா கூத்து இது? அவதான் வேணாங்கறாளே!"

"ஆதாரம் போதாதுக்கா," என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. "இன்னொருத்தரோட வாழறேன்னு எழுதினா ஆச்சா? உடம்பு சரியில்லாதவரைக் கொஞ்ச நாள் வெச்சுப் பாத்துக்கறது சேர்ந்து வாழறது ஆகாது. அந்த ஆளு வீடு அப்படியே இருக்கு. குணமானதும் போயிடுவார். சட்டத்துல இதையெல்லாம் ரொம்பக் கண்டிப்பாப் பாக்கணும்."

"போன வருஷம் நீ கோர்ட்ல என்ன சொன்னே?"

"போன வருஷம் தோத்துட்டேன்ல? அப்போ அதுதானே சரி?"

வக்கீலுக்கும் இதையே எழுதியிருக்கிறான். 'என் முன்னாள் மனைவி தனியாகத்தான் வாழ்கிறார் என்று நம்ப இடம் இருக்கிறது. ஆகவே நான் தொடர்ந்து பணம் கட்டக் கடமைப்பட்டவன்.' அந்த வக்கீல் எனக்கே போன் செய்து, உங்கள் தம்பிக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதப் பணமும் திரும்பி வந்த பிறகு அவனைக் காரில் ஏற்றி ரூலோஃபின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "பாரு. நல்லாப் பாரு. நீதானே பார்வையாளர்?"

ஜன்னலுக்குத் திரை இல்லை, உள்ளேயும் ஒன்றும் இல்லை. மேசை, நாற்காலி, சுவரில் படம் எதுவுமே இல்லாமல் வெறும் தரை. கண்ணாடியில் 'விற்கப்பட்டது' என்று ஒட்டியிருந்தது. லுப்பர்ட் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தான். பின்பக்கம் போய்ச் சமையலறையைப் பார்த்தான். திரும்பி வந்து காரில் உட்கார்ந்தான். நோட்டை எடுப்பான் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

"அப்போ நிறுத்திடவாக்கா?"

கடன் தீர்ந்த ஆள் கேட்கிற குரலாக இல்லை அது. எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பாவமாகவும் இருந்தது.

"நிறுத்திடுடா," என்றேன்.

நிறுத்தினான். அடுத்த மாதம் நாலாம் தேதி காலை யாண்டினாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அக்கா, லுப்பர்டுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒண்ணாம் தேதி தாண்டிடுச்சு, இன்னும் பணம் வரல."

"நீதானேடி வேணாம்னே! நிறுத்திட்டான். நல்லாத்தான் இருக்கான்."

"ஓ," என்றாள். "அப்போ சரி. இல்ல, அவர் ஒருநாள்கூடத் தவறினதில்லையே, அதான் பயந்துட்டேன்."

சாயங்காலம் அவன் சாப்பிட வந்தபோது சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"பயந்துட்டாளா?"

"ஆமா."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்கான்னு சொன்னேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "அப்படிச் சொல்லியிருக்க வேணாம்க்கா," என்றான்.